மெட்ராஸ் அண்ணன்

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தின் டிடிபி அறையில் உட்கார்ந்துகொண்டு நான் எலக்ட்ரானிக் இசையைப் பற்றி வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காலையெல்லாம் வெடிப்பெட்டி லேபிளுக்குப் பூவும் நட்சத்திரமும் வரைந்த அதே கணினியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனோ தன் அறைக்குள் உட்கார்ந்து கணினியிலேயே செய்து இணையத்தில் ஏற்றிய இசையைக் கேட்பேன். அது ஏன் நன்றாக இருக்கிறது, அல்லது ஏன் குப்பை என்று தமிழில் எழுதுவேன். முதலாளி நல்ல மனிதர். நான் மும்முரமாகத் தட்டச்சு செய்வதைப் பார்த்தால் காலண்டர் வேலை என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் போய்விடுவார்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் தமிழில் பதிவு எழுதுவது ஒரு காய்ச்சல் மாதிரி இருந்தது. சமையல், அரசியல், சினிமா, சொந்தக்கதை என்று ஆளாளுக்கு ஒரு கடை. பதிவை ஏற்றிய அடுத்த நிமிடம் ஒருவன் வந்து 'மீ த பஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட்டுவிட்டு, படிக்காமலே போய்விடுவான். என்னுடையது மட்டும் யாரும் வைக்காத கடை. கணினி இசையும், அதைக் கேட்டு ஆடும் இளவட்டங்களும்தான் என் சரக்கு. சுற்றுவட்டாரத்து மினிபஸ் டிரைவர்கள் சீட்டுக்கு அடியில் எத்தனை பெரிய பேஸ் பெட்டி வைக்கிறார்கள், பிரவுசிங் சென்டர் பையன்கள் திருட்டு மென்பொருளில் எப்படி ரிமிக்ஸ் செய்கிறார்கள், கோயில் கொடைத் திருவிழாவில் எந்த பீட்டுக்குக் கூட்டம் எழுந்து ஆடுகிறது என்றெல்லாம் எழுதினேன். கூர்மையாகத்தான் எழுதினேன். அந்தத் திமிர் எனக்கு அப்போது நிறையவே உண்டு.

ஆனால் நான் நானாக எழுதவில்லை. ஒரு ஆண் பெயரை வைத்துக்கொண்டேன். இருபத்து நான்கு வயதுப் பெண், நர்ஸின் மகள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், இரவு முழுக்க ஆடும் இசையைப் பற்றி எழுதுகிறாள் என்றால் முதலில் அம்மா கணினிக்குப் பூட்டுப் போட்டிருப்பாள். முதல் பின்னூட்டமே 'அண்ணே, சூப்பர்ணே' என்று வந்தது. மறுக்கவில்லை. இன்னொருவர் 'சென்னையில் எந்த ஏரியா?' என்று கேட்டார். அதற்கும் மழுப்பலாக ஏதோ சொல்லிவைத்தேன். பிறகு சென்னையில் ஒரு ஹோட்டலில் நடந்த ஆட்டத்தைப் பற்றி நேரில் போய்விட்டு வந்தவன் போலவே எழுதினேன். சென்னைக்கு அதுவரை நான் போனது ஒரே முறைதான், அதுவும் சித்தி மகள் கல்யாணத்துக்கு. எங்கள் ஊர் மினிபஸ்ஸைப் பற்றி எழுதும்போதுகூட 'தென் மாவட்டங்களில் பயணம் செய்தபோது' என்று ஆரம்பிப்பேன். தினமும் ஏறி இறங்குகிற பஸ் அது.

அந்தச் சென்னை அண்ணனுக்குத்தான் ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவன் எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஆமத்தூருக்குப் பக்கத்து கிராமம். ரேடியோ செட் கடையில் வேலை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டி, மைக் வைத்து, பாட்டுப் போடுகிற வேலை. அக்கா வாங்கிக் கொடுத்த கணினியில் சொந்தமாக இசை செய்திருக்கிறானாம். 'அண்ணே, நீங்க எழுதுன எல்லாத்தையும் படிச்சிருக்கேன். என்னோடத கேட்டு உள்ளத சொல்லுங்க. நல்லால்லன்னா நல்லால்லன்னே சொல்லுங்க' என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு பாட்டு.

கேட்டேன். உண்மையில் அது நன்றாகத்தான் இருந்தது. உருமியை நறுக்கி நறுக்கி ஒரு தாளம் கட்டியிருந்தான். அதன் கீழே பேஸ் என்கிற அடிச்சத்தம் மட்டும் கொஞ்சம் மெலிவு. கையில் இருந்த பெட்டியில் கேட்டுச் செய்தவன், அவ்வளவுதான் வரும். இதை நான் இரண்டு வரியில் தனியாக அவனுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் பதிவு போட எனக்கு வேறு சரக்கு இல்லை. பாராட்டி எழுதினால் யாரும் படிப்பதில்லை, அடித்து எழுதினால் கூட்டம் கூடும் என்பதும் எனக்குப் பழகியிருந்தது.

எழுதினேன். 'சத்தம் இருக்கிறது, கனம் இல்லை. கந்தக பூமியில் பிறந்தவனின் பேஸ் இப்படியா பவுடர் பூசிக்கொண்டு வரும்? வெடித்தால் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிகிற ஊராயிற்றே அது. அந்த அதிர்வை எடுத்துக்கொண்டு வா தம்பி, அப்புறம் பேசுவோம்.'

பின்னூட்டங்கள் குவிந்தன. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் 'அண்ணன் பின்னிட்டார்' என்றார்கள். அவனும் வந்து, 'நன்றிண்ணே. கண்டிப்பா எடுத்துட்டு வாரேன்' என்று போட்டான். நான் அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த 'உள்ளங்கால்' வரியை நினைத்து நினைத்து மகிழ்ந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்த வரியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வெடிச்சத்தத்தில் இரண்டு வகை. சாம்பிள் போட்டுப் பார்க்கிற சத்தம் ஒன்று. அதற்குக் கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்க்காது. இன்னொன்று கேட்டால், பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்துவார். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடி, புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் யார் வீட்டு ஆள் வேலை பார்க்கிறது என்று மனதுக்குள் ஒரு ஓட்டம் ஓடும். என் அம்மா மாடிக்குப் போக மாட்டாள். அடுப்பை அணைப்பாள், கொண்டை போடுவாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது அவள் சேலையில் ஒரு வாடை இருக்கும். அவள் குளித்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிறுவயது முதல் இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைத்தான் 'கனமான பேஸ்' என்று எழுதிவிட்டு வந்தேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம். அச்சகத்தில் ஒருவருக்கு போன் வந்தது. அவர் நின்றபடியே, "ஆமத்தூர்ப் பக்கம் கம்பெனி போயிருச்சாம்" என்றார். அவ்வளவுதான், ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. கட்டிங் மெஷின்காரரின் மனைவி அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறாள். அவர் போனை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தத் தெரியாமல் நின்றார். நான்தான் வாங்கி அழுத்திக் கொடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் கூப்பிடுவார்கள், கிடைக்காது. பைண்டிங் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அம்மா இந்நேரம் கிளம்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வேறு செய்தி வந்தது. கம்பெனி எதுவும் வெடிக்கவில்லை. ஏதோ ரேடியோ செட் சத்தமாம். கட்டிங் மெஷின்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். ரேடியோ செட் என்ற வார்த்தை கேட்டதும் எனக்கு அந்தப் பையனின் மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் டீயைக் குடித்தேன். ஊரில் எத்தனையோ ரேடியோ செட் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடந்தது என்ன என்பதை அம்மா வந்துதான் சொன்னாள். அந்த ஊரில் மறுநாள் அம்மன் பொங்கல். முதல் நாள் மத்தியானமே கண்மாய்க்கரையில் பெட்டிகளை அடுக்கி, பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெட்டிகள் பார்த்த பக்கம் காய்ந்த கண்மாய். அதன் எதிர்க்கரையில் பட்டாசுக் கம்பெனி, அன்றைக்கும் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. செட் போட்ட பையன் வால்யூமை முழுக்கத் திறந்து சிடியைப் போட்டிருக்கிறான். பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு வெடி. நிஜ வெடியின் சத்தம். கண்மாயைத் தாண்டிப் போய்க் கம்பெனித் தகரத்தை உலுக்கியிருக்கிறது.

கம்பெனியில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாடம் உண்டு. சத்தம் கேட்டால் எங்கே என்று பார்க்காதே, எதையும் எடுக்காதே, ஓடு. ஓடியிருக்கிறார்கள். செருப்பில்லாமல்தான் உள்ளே வேலை பார்ப்பார்கள், அப்படியே வெளியே வேலிக்கருவை முள்ளுக்காட்டுக்குள்.

இதுவரை அம்மா சொன்னது எரிச்சலோடு. அடுத்ததைச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. கண்மாய்க்கரையில் நின்ற அந்தப் பையன், எதிர்க்கரையில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறான். அவனுக்கு அது தன் பாட்டால் என்று தோன்றவே இல்லை. கம்பெனி நிஜமாகவே வெடித்துவிட்டது என்று நினைத்துவிட்டான். அவன் அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறாள். எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கிக் கம்பெனியைப் பார்த்து ஓடியிருக்கிறான். சிடி திரும்பத் திரும்பப் பாடும்படி வைக்கப்பட்டிருந்தது. அவன் பின்னாலிருந்து மறுபடி வெடி. மறுபடி. ஒவ்வொரு வெடிக்கும் எதிரே ஓடியவர்கள் இன்னும் வேகமாக ஓட, இவன் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு அவர்களை நோக்கி ஓட, கடைசியில் யாரோ ஒருவர் போய் ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கிறார்.

"படுக்கையெல்லாம் விரிச்சு, மருந்தெல்லாம் எடுத்து வச்சு, டாக்டர்மாரெல்லாம் ஓடி வந்து நிக்கோம். வந்தது பூராம் முள்ளுக் குத்துன காலு. ஒரு பிள்ளைக்கு மட்டும் மணிக்கட்டு முறிஞ்சு போச்சு, ஓடையத் தாண்டிக் குதிச்சாளாம். அந்தப் பயலோட அக்காதான்" என்றாள் அம்மா. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "எவன் அவன்கிட்ட அப்படிச் சத்தம் வைக்கச் சொன்னான்? அவன மட்டும் இங்கன கொண்டுவந்து நிறுத்தணும்" என்றாள்.

நான் அவளுக்கு ரசம் ஊற்றினேன்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தேன். அவனுடையது முந்தின நாள் காலையிலேயே வந்து கிடந்தது. 'அண்ணே, வெடி கிடைச்சிருச்சு. ஊர்க்கிணறு ஒண்ணு வத்திக் கிடக்கு. அதுக்குள்ள மைக்கத் தொங்கவிட்டு அணுகுண்டு வெடி போட்டு ரெக்கார்ட் பண்ணேன். வேகத்தக் குறைச்சா அப்படியே நீங்க சொன்ன மாதிரி உள்ளங்கால்ல ஏறுது. நாளைக்கு எங்க ஊர் பொங்கல். இன்னைக்குப் பெரிய பெட்டில போட்டுப் பாக்கப் போறேன். நீங்க இங்கன இருந்து கேட்டா எப்படி இருக்கும்!'

பாட்டையும் இணைத்திருந்தான். கேட்டேன். அற்புதமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்க முடியாது. முதல் வெடியில் என் உடம்பு கூசியது, அடுத்த கணம் 'ஆகா, பிடித்துவிட்டானே' என்று மனது துள்ளியது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நடந்தது முழுவதையும் ஒரு பதிவாக எழுதக் கை பரபரத்தது. தலைப்புகூட வந்துவிட்டது. இரண்டு பத்தி எழுதி, நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியபோதுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அழித்தேன். அவனுக்குப் பதில் போடவில்லை. வலைப்பதிவில் அதன் பிறகு எதுவுமே எழுதவில்லை.

அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்துக் கட்டில்காரியைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். "சாமி கும்புட மஞ்சத்தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே ஊரே ஆடிருச்சு பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான். ஏதாவது பேசியிருக்க வேண்டும். நான் சாத்துக்குடியை வைத்துவிட்டு, 'நர்ஸம்மா மகள்' என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு அவர்கள் வீட்டுக்கே போக ஆரம்பித்தேன். கட்டுப் பிரித்த பிறகு அக்காவின் விரல்கள் சரியாக மடங்கவில்லை. ரப்பர் பந்தை அமுக்கிப் பழக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பந்து கொண்டுபோகிறேன், தைலம் கொண்டுபோகிறேன், எப்படி இருக்கிறது என்று பார்த்து அம்மாவிடம் சொல்கிறேன் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆமத்தூர் மினிபஸ்ஸில் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஏறிவிடுவேன். அம்மா, என் மகளுக்கு ஊழியம் செய்கிற மனது வந்துவிட்டது என்று சர்ச்சில் பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரிய தண்டனையாக இருந்தது.

போகப்போக அந்த வீட்டின் கதை தெரிந்தது. அவர்களுடைய அம்மாவைக் கம்பெனி வெடி ஒன்றில்தான் இழந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அக்கா ஒரே ஒரு பிடிவாதத்தோடு இருந்தாள். தான் கம்பெனிக்குப் போவாள், தம்பி அந்த வாசலை மிதிக்கக்கூடாது. அதற்குத்தான் ரேடியோ செட் வேலை, அதற்குத்தான் கணினி. ஊரில் மற்றவர்கள், ஆம்பளைப் பயலை இப்படிப் பாட்டுக் கேட்க விட்டு வளர்க்கிறாளே என்று கேலி பேசியபோதெல்லாம், "கேக்கட்டும், காதுதான வலிக்கும்" என்று சொல்வாளாம்.

ஆனி பிறந்ததும் தீபாவளி சீசன் சூடுபிடித்தது. சீசனுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட ஆள் வரமுடியாவிட்டால் அதே வீட்டிலிருந்து இன்னொரு ஆள் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கம்பெனி போர்மேன் வீட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் கேட்டார். அக்காவால் திரி செருக முடியாது, விரல் பிடிக்காது. ரேடியோ செட்காரர் அந்தப் பையனைக் கடைப்பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு எந்த ஊரிலும் அவனைப் பெட்டியைத் தொட விடவில்லை. "நான் போறேங்க்கா" என்று அவனே சொல்லிவிட்டான். அக்கா அழுதாள், திட்டினாள், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். "ஒன் கை இப்படி ஆனது என்னாலதான. நாந்தான் போவணும்" என்று அவன் ஒரே சொல்லில் நின்றான். கணினியைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டுப் போனான்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சகத்தில் அடித்தது. அவன் கம்பெனிக்குள் இருக்கிற ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் ஏறுகிறது என்று தோன்றியது. பஸ்ஸில் போகும்போது எங்காவது டயர் வெடித்தாலும் புகை எழுகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே தேடுவேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு போயிருந்தேன். சீசன் என்பதால் அன்றைக்கும் கம்பெனி இருந்தது, அவன் இன்னும் திரும்பவில்லை. அக்கா பந்தை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா, நீங்க கம்ப்யூட்டர்ல வேலை பாக்கீகள்ல?"

"ஆமாக்கா."

"மெட்ராஸ்ல ஒரு அண்ணன் இருக்காக. பாட்டப் பத்தியே எழுதுவாக. இவன் வேதம் மாதிரி அவுக எழுதுனதத்தான் படிப்பான். எனக்கும் வாசிச்சுக் காட்டுவான், எனக்கு ஒண்ணும் வெளங்காது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கான். அவுக ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். அந்த அண்ணனுக்கு நான் சொல்றத எழுதி அனுப்புவீகளா?"

என் வாயிலிருந்து, "சொல்லுங்கக்கா" என்று வந்துவிட்டது. கைப்பையில் கிடந்த லேபிள் புரூப் தாளின் பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"அய்யா, நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. என் தம்பி உங்க பேச்ச மட்டுந்தான் கேப்பான். கம்பெனிக்குப் போகாத, பாட்டுப் போடுன்னு அவனுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்க. எங்க அம்மாவக் குடுத்துட்டோம். இவனையும் குடுக்க என்னால முடியாது. என் கையப் பத்தி அவன் எழுதியிருந்தா அத மனசுல வச்சுக்கிடாதீக. அது சரியாயிரும்."

நானே எனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அவன் வந்தான். முழங்கைவரை அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. அக்கா மறைக்கவில்லை. "மெட்ராஸ் அண்ணனுக்கு எழுதியாச்சுலே. அவுக சொல்லட்டும், அப்பப் பாக்கேன்" என்றாள்.

அவன் பதறிவிட்டான். "வேண்டாங்க்கா. அவருக்கு இங்க நடந்தது ஒண்ணும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா தன்னாலதான்னு நெனச்சுக்கிருவாரு. ஏற்கெனவே ஏனோ எழுதாம இருக்காரு. நான்தான் காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாக்காம போட்டேன், அதுக்கு அவரு என்ன செய்வாரு."

"அதானே. அவுக மெட்ராஸ்காரவுக. அவுகளுக்கு நம்ம ஊரு வெடியப் பத்தி என்ன தெரியும்? தெரியாம எழுதிட்டாக. அவுகள யாரு குத்தஞ் சொன்னா?" என்றாள் அக்கா.

அந்த இடத்தில் என்னால் முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இல்லாத ஒரு மனிதனை அவ்வளவு அன்பாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லிவிட்டால்தான் நான் மனுஷி என்று தோன்றியது. உண்மையைச் சொல்வது எப்போதும் நல்லது என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவளாயிற்றே.

"அது நான்தான்" என்றேன். "அந்த மெட்ராஸ் அண்ணன் நான்தான்."

அவன் சிரித்தான், நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து. அவனுடைய கடைசி மின்னஞ்சலில் இருந்த வத்தின கிணற்றைச் சொன்னேன். தொங்கவிட்ட மைக்கைச் சொன்னேன். கனம் இல்லை, பவுடர் பூசிக்கொண்டு வருகிறது என்று நான் எழுதியதை வரி பிசகாமல் சொன்னேன். அவன் முகத்தில் சிரிப்பு மெல்லப் போனது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என் கைப்பையை, செருப்பை, சர்ச்சுக்குக் கட்டிய சேலையை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நீங்க திருத்தங்கலா?" என்று கேட்டான்.

"ஆமா."

"பொறந்ததுல இருந்தா?"

"ஆமா."

நான் அவசர அவசரமாகச் சொன்னேன். "நான் சொல்றேன் தம்பி. கம்பெனிக்குப் போகாத. அந்தப் பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சு. நீ பாட்டுத்தான் பண்ணணும். நான் எழுதுறேன், எல்லாருக்கும் சொல்றேன்."

"சரிங்க்கா" என்றான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏதோ சொன்னால் தலையாட்டுவோமே, அப்படி ஒரு சரி. பிறகு கை கழுவப் பின்கட்டுக்குப் போய்விட்டான். நான் எழுதிய தாள் என் மடியில் கிடந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்தேன். வழியெல்லாம் அழுதேன். அழுதுகொண்டே, பாரம் இறங்கிவிட்டது என்றும் நினைத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த ஞாயிறு போனபோது அவன் வீட்டில் இல்லை. கம்பெனிக்குப் போயிருந்தான். அந்த வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் போயிருந்தான். அக்கா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், இடது கையால். எதிரே உட்கார்ந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சாமான் கைதவறி உடைந்ததைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"பேசாம அந்த அண்ணனாவே இருந்து ஒரு வரி எழுதியிருக்கலாம்ல பாப்பா. அவுக சொன்னா அவன் கேட்டிருப்பான்."